ஒரே பெட்டிக்குள் இரண்டு எந்திரம்: எப்சன் எல்3250, கோணல் நகலும் கோடு விழும் அச்சும்

எப்சன் எல்3250 வாங்கலாமா என்று கேட்டால் பதில் இதுதான்: பிள்ளைகளின் பயிற்சித்தாள், வரிப் படிவம், அடையாள அட்டை நகல், எப்போதாவது ஒரு கலர் படம் என்று ஓடுகிற மொரிசியஸ் வீட்டுக்கு இது தாராளமாகப் போதும். தைத்த புத்தகங்களை ஸ்கேன் செய்கிறவர்களுக்கும், தைப்பூசக் காவடி சமயத்தில் கோயில் வாசலில் ஒட்ட அறிவிப்பு அடிக்கிறவர்களுக்கும் பொருந்தாது. காரணம் போகப்போக வரும்.

கருவியைப் பற்றிச் சுருக்கமாக. ஏ4 அளவு. அச்சு, ஸ்கேன், நகல் மூன்றும் உண்டு, வைஃபையும் உண்டு. திரை கிடையாது, விளக்குகள் மட்டும். தாளைப் பின்பக்கம் நிறுத்த வேண்டும், 100 தாள் கொள்ளும். தானாக இருபக்கம் அடிக்காது. கட்டுத்தாளை ஒவ்வொன்றாக இழுத்து ஸ்கேன் செய்கிற மேல்தட்டும் இல்லை. மை பீய்ச்சக் கறுப்புக்கு 180 துளை, மற்ற மூன்று நிறங்களுக்குத் தலா 59. மையைப் பாட்டிலில் வாங்கித் தொட்டியில் ஊற்றிக்கொள்ளலாம். கறுப்பு பாட்டில் 4,500 பக்கம், மூன்று கலரும் சேர்ந்து 7,500 பக்கம் என்பது நிறுவனத்தின் கணக்கு. இந்தத் துளைகள் உள்ள ஹெட்டைச் சுத்தம் செய்வதற்கும் மை செலவாகும் என்பதால் வீட்டில் அதைவிடக் குறைவாகத்தான் வரும். அப்படி இருந்தும், கார்ட்ரிட்ஜ் வாங்கியே கை சலித்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

இப்படிப்பட்ட டேங்க் பிரிண்டர்களைப் பற்றி ஓராண்டுக்குப் பிறகு வருகிற புலம்பல் பெரும்பாலும் ஒன்றுதான்: ‘நகல் கோணுகிறது, எழுத்து இரட்டையாகத் தெரிகிறது, ஸ்கேனில் கோடு விழுகிறது, பிரிண்டர் போய்விட்டது.’ போவது பிரிண்டர் மட்டும்தானா என்று யாரும் பார்ப்பதில்லை. மேலே ஒரு ஸ்கேனர், கீழே ஒரு பிரிண்டர். இரண்டுக்கும் தனித்தனி மோட்டார், தனித்தனி பெல்ட், தனித்தனி நோய். நகல் எடுக்கும்போது மேலே உள்ள கோளாறும் கீழே உள்ள கோளாறும் ஒரே தாளில் சேர்ந்து விழுகின்றன. அதனால் நகலை வைத்து நோய் கண்டுபிடிக்கவே கூடாது.

முதல் வேலை, கீழ்வீட்டைத் தனியாகச் சோதிப்பது. டிரைவரின், அதாவது கணினியில் பிரிண்டரை இயக்குகிற மென்பொருளின், பராமரிப்புப் பக்கத்தில் நாசில் (மைத்துளை) சோதனையை அச்சடியுங்கள். இங்கே பலர் கணினியைப் பிரெஞ்சில் வைத்திருப்பார்கள், அதில் இந்தச் சோதனை ‘ப்யூஸ்’ என்ற சொல்லோடு வரும். ஃபியூஸ் போய்விட்டதோ என்று பதற வேண்டாம், ப்யூஸ் என்றால் மை பீய்ச்சும் துளை. நான்கு நிறக் கோடுகளும் அறுபடாமல், நேராக வந்தால் ஹெட் நலம்.

இரண்டாவது, மேல்வீடு. நகல் பொத்தானைத் தொடாமல் கணினிக்கு ஸ்கேன் செய்து திரையில் பாருங்கள். திரையில் சுத்தமாக இருந்து நகலில் மட்டும் கெட்டிருந்தால் ஸ்கேனரைக் குற்றம் சொல்லாதீர்கள். திரையிலேயே கெட்டிருந்தால் மையில் கைவைக்காதீர்கள். எத்தனை வீடுகளில் ஸ்கேனர் கோட்டுக்காக ஹெட்டை எட்டுத் தடவை சுத்தம் செய்து பாதித் தொட்டி மையைக் கழிவுக்கு அனுப்பியிருப்பார்களோ!

மூன்றாவது, மூலத்தாளையே தலைகீழாகத் திருப்பி வைத்து மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். கோடு தாளோடு சேர்ந்து இடம் மாறினால் அது மூலத்தாளின் மடிப்பு. இடம் மாறாமல் அதே பக்கத்தில் நின்றால் ஸ்கேனரின் கோடு.

ஸ்கேனர் கோட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் தப்பான வைத்தியம் அதிகம். கண்ணாடிக்கு அடியில் ஏ4 தாளின் அகலத்துக்கு ஒரு பட்டையான உணரி இருக்கிறது. அது தாளின் நீள வாட்டில் ஊர்ந்து போகிறது. கண்ணாடிமேல் ஒரு தூசி இருந்தால், உணரி அதைக் கடக்கிற ஒரு கணம் மட்டுமே பார்க்கும். ஆக, தூசிக்குப் புள்ளிதான் விழும், கோடு விழாது. தாள் முழுக்க நீள வாட்டில் ஒரே நேராகக் கோடு ஓடுகிறது என்றால், உணரியின் அந்த ஒரு இடம் கடைசிவரை தப்பாகப் பார்த்திருக்கிறது என்று பொருள். கண்ணாடியை எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. (கட்டுத்தாளை இழுக்கிற மேல்தட்டு உள்ள பெரிய கருவிகளில் கதை நேர் எதிர். அங்கே உணரி நிற்கும், தாள் ஓடும். ஓரத்திலுள்ள குறுகிய கண்ணாடிக் கீற்றில் கடுகளவு ஒயிட்னர் ஒட்டியிருந்தாலும் பக்கம் முழுக்கக் கோடு விழும்.)

உணரி ஏன் தப்பாகப் பார்க்கிறது? ஒவ்வொரு ஸ்கேனுக்கு முன்பும் அது கிளம்புகிற முனையில், சட்டத்துக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஒரு வெள்ளைக் கீற்றைப் பார்த்து, ‘இதுதான் வெள்ளை’ என்று கணக்கு வைத்துக்கொள்கிறது. அந்தக் கீற்றில் ஓர் இழை, ஒரு பல்லி எச்சம், ஒரு துளி கற்பூரக் கரி இருந்தால், அந்த இடத்தில் வெளிச்சம் குறைவு என்று நினைத்து அதிகமாக ஈடுகட்டிவிடும். விளைவு, படம் முழுக்க ஒரு வெளிறிய கோடு, அல்லது இளஞ்சிவப்பு, இளம்பச்சைக் கீற்று. வெள்ளைத் தாளில் வெளிறிய கோடு கண்ணுக்கே தெரியாது. அதனால் வெறும் வெள்ளைத் தாளை ஸ்கேன் செய்து ‘கோடு இல்லை’ என்று முடிவு கட்டாதீர்கள். பழுப்பு நிற அரசாங்க உறை ஒன்றைக் கண்ணாடிமேல் விரித்து ஸ்கேன் செய்தால் ஒளிந்திருக்கிற கோடெல்லாம் வெளியே வரும்.

கீற்றைத் துடைக்கக் கண்ணாடிச் சட்டத்தைக் கழற்ற வேண்டும். உத்தரவாதக் காலம் முடியாதவர்கள் அதைச் செய்யக் கூடாது. முதலில் அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஐந்து நிமிடம் விட்டு மறுபடி போட்டு, அளவீட்டைப் புதிதாக எடுக்கவிட்டுப் பாருங்கள். தூசி தானாக நகர்ந்திருந்தால் அதிலேயே தீரும். சாமி மாடத்துக்குக் கீழே உள்ள அலமாரியில் பிரிண்டரை வைத்திருப்பவர்கள் இடத்தை மாற்றிவிடுவது நல்லது. ஊதுபத்திப் புகையும் விபூதித் தூளும் இந்தக் கருவிக்கு ஆகாது.

கண்ணாடியைத் துடைக்கும்போது திரவத்தைத் துணியில்தான் தெளிக்க வேண்டும், கண்ணாடிமேல் தெளிக்கவே கூடாது. ஓரத்தில் கசிந்து உள்ளே போனால் அடிப்பக்கம் மங்கிவிடும், அதற்குப் பிறகு ஸ்கேன் எல்லாம் பனிமூட்டத்தில் எடுத்த படம்போல வரும். கியூர்பைப், வாக்வா பக்கம் ஜூன் முதல் ஆகஸ்டு வரை காலையில் எழுந்தவுடன் எடுக்கிற ஸ்கேன் மட்டும் மங்கலாக இருந்தால் அது ஈரம். மூடியைத் திறந்து வைத்து ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள்.

அடுத்தது உண்மையான கோணல்: எழுத்து நெளிவது, படம் ஒரு பக்கம் இழுபடுவது, இடையில் ஒரு படி ஏறி இறங்கியதுபோல வெட்டு விழுவது. இது உணரியைச் சுமந்து போகும் பெல்ட், பல்சக்கரம், வழிகாட்டிக் கம்பி இவற்றின் வேலை. அளந்து பார்க்கலாம். மெல்லிய இரும்பு ஸ்கேல் ஒன்றைத் தாளின் நீள வாட்டில் கண்ணாடிமேல் வைத்து 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். படத்தில் 10 சென்டிமீட்டர் தூரம் 1,181 புள்ளி இருக்க வேண்டும். பிறகு ஸ்கேலைக் குறுக்கே வைத்து மறுபடி. குறுக்குவாட்டு அளவு உணரியின் அமைப்பிலேயே அடங்கியது, அதிகம் மாறாது. நீள வாட்டில் மட்டும் 1,150 என்றோ 1,210 என்றோ வந்தால் உணரி சீராக ஊரவில்லை. ஐந்தாறு புள்ளி வித்தியாசத்தை வீட்டு உபயோகத்துக்குப் பொருட்படுத்த வேண்டாம்.

எழுத்தின் மேல் ஓரத்தில் சிவப்பு, கீழ் ஓரத்தில் நீலம் என்று நிறம் கசிந்தால் அதுவும் இதே குடும்பம்தான். இந்த உணரி சிவப்பு, பச்சை, நீல விளக்குகளை மாற்றி மாற்றி எரியவிட்டு ஒவ்வொரு வரியையும் மூன்று முறை பார்க்கிறது. மூன்று பார்வைக்கும் நடுவில் ஒரு நடுக்கம் வந்தால் மூன்று நிறமும் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் படியாது. எந்திரத்தைத் திறப்பதற்கு முன் மேசையைப் பாருங்கள். ஆடுகிற பிளாஸ்டிக் மேசை, பக்கத்தில் சுழல்கிற சலவை எந்திரம், ஸ்கேன் ஓடும்போதே மூடிமேல் கையூன்றி நிற்கிற ஆள், இவை மூன்றும் இல்லாத இடத்தில் ஒருமுறை எடுத்துவிட்டுப் பிறகு பழுதைப் பற்றிப் பேசலாம். வைஃபை மெதுவாக இருந்தாலும் உணரி நடுவில் நின்று, கொஞ்சம் பின்வாங்கி, மறுபடி கிளம்பும். அந்த இடத்தில் மெல்லிய வெட்டு விழும். யூஎஸ்பி கம்பி போட்டு எடுத்துப் பார்த்தால் ஐயம் தீரும்.

இந்த வகை உணரியின் பெரிய பலவீனம் ஆழம். கண்ணாடியில் ஒட்டியிருப்பதை மட்டும்தான் கூர்மையாகப் பார்க்கும். தாள் ஒரு மில்லிமீட்டர் எழும்பினாலும் மங்கல். தைத்த புத்தகத்தின் நடுமடிப்பில் எழுத்து வளைந்து கறுத்துப் போவதற்குக் காரணம் இதுதான், எந்த அமைப்பை மாற்றினாலும் தீராது. மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் எடுத்த குடியேற்றப் பதிவுச் சான்றும், முப்பாட்டன் காலத்துக் கல்யாணப் பத்திரமும் பல வீடுகளில் நாலாக மடித்தபடி கிடக்கின்றன. அவற்றை ஸ்கேன் செய்தால் சரியாக மடிப்புக்கோட்டில் ஓர் எழுத்து காணாமல் போகும். காணாமல் போவது பெயர் எழுத்தாக இருந்துவிட்டால் அலுவலகத்தில் திருப்பி அனுப்புவார்கள். தாளை விரித்து இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே கனமான புத்தகங்களின் அடியில் ஓரிரவு வையுங்கள். மறுநாள் ஸ்கேன் செய்யும்போது மூடிமேல் ஒரு கிலோ அளவு எடையைச் சீராகப் பரப்பி வையுங்கள். ஒரே இடத்தில் அழுத்தினால் கண்ணாடி வளைந்து உணரி உரசும். பின்பக்க எழுத்து முன்னால் தெரிகிற மெல்லிய தாளுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் தாள் வையுங்கள், பின்பக்கம் அடங்கிவிடும். பத்திரத்துக்கு 300 டிபிஐ போதும், பழைய புகைப்படத்துக்கு 600. அதற்குமேல் ஏற்றினால் கோப்புதான் வீங்கும்.

கோப்பு என்றதும் ஒன்று. எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்த்ததுபோல அழுக்குப் புள்ளிகள் தெரிந்தால் அது ஜேபெக் சுருக்கத்தின் வேலை, கருவியின் கோளாறு இல்லை. தரத்தை ஏற்றிச் சேமியுங்கள், அல்லது பிஎன்ஜி ஆக எடுங்கள். கல்யாண அழைப்பிதழ், பத்திரிகைப் படம் போன்றவற்றில் அலை அலையாகக் கோலம் விழுந்தால் அது அச்சுப் புள்ளியும் ஸ்கேன் புள்ளியும் முட்டிக்கொள்வது. ஸ்கேன் மென்பொருளில் அதை நீக்கும் தேர்வு இருக்கிறது. அதைப் போட்டு 600இல் எடுத்துப் பாதியாகச் சுருக்குங்கள்.

இனி கீழ்வீடு. அச்சு கோணுகிறது என்று சொல்பவர்களிடம் முதலில் ஒரு சதுரம் கேட்க வேண்டும். வேர்டில் 150 மில்லிமீட்டருக்கு 150 மில்லிமீட்டர் சதுரம் ஒன்றை வரைந்து, அளவை 100 சதவீதம் என்று வைத்து அச்சடித்து, ஸ்கேலால் அளக்கவும். இரண்டு பக்கமும் 141 வந்தால் எந்திரத்தில் ஒன்றுமில்லை. கணினி அமெரிக்க லெட்டர் தாள் என்று நினைத்து ஏ4 பக்கத்தைச் சுருக்கியிருக்கிறது. லெட்டரின் உயரம் 279.4 மில்லிமீட்டர், ஏ4 297. வகுத்தால் 94 சதவீதம், 150க்கு 141. டிரைவரிலும், பிடிஎஃப் திறக்கிற மென்பொருளிலும், விண்டோஸின் பிரிண்டர் அமைப்பிலும் மூன்று இடத்தில் ஏ4 என்று மாற்ற வேண்டும். ஒன்றை விட்டாலும் அது மறுபடி தலைகாட்டும்.

தாள் ஓடுகிற வாட்டில் மட்டும் 148 வந்து, குறுக்கே சரியாக இருந்தால் ரோலர் வழுக்குகிறது. ஈரமான தாள், அல்லது தாள் தூசி படிந்த ரப்பர். பஞ்சு உதிராத துணியை வடித்த நீரில் நனைத்து, ஒட்டப் பிழிந்து ரோலரைத் துடைத்து, உலரவிடவும். சதுரம் தாளின் ஓரத்துக்குச் சாய்வாக விழுந்தால் பின்பக்க ஓரத்தடுப்பு தளர்ந்திருக்கும். தாளைத் தொட்டும் தொடாமலும் அது நிற்க வேண்டும். இறுக்கினால் தாள் வயிறு புடைத்து நடுவில் எழும்பும்.

குறுக்கு வாட்டில் அளவு தப்பினாலோ, எழுத்துகள் ஒரு வரியில் நெருக்கியும் அடுத்த வரியில் விலகியும் விழுந்தாலோ, ஹெட் ஒரு பக்கம் போய் டமாரென்று முட்டி விளக்குகள் மின்னினாலோ, சந்தேகப்பட வேண்டிய பொருள் ஒரு பிளாஸ்டிக் நாடா. ஹெட் ஓடுகிற பாதைக்குப் பின்னால் கண்ணாடிபோன்ற ஒரு மெல்லிய நாடா இடமிருந்து வலம் இழுத்துக் கட்டியிருக்கும். பார்க்க வெறும் பிளாஸ்டிக். உற்றுப் பார்த்தால் மயிரிழைக் கோடுகள் நெருக்கமாக நிறைந்திருக்கும். ஹெட் ஓடும்போது அந்தக் கோடுகளை எண்ணித்தான் தான் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்கிறது. அதில் மைத்திவலையோ கிரீஸோ பட்டால் எண்ணிக்கை தப்பும், கணக்குத் தப்பிய இடத்தில் எழுத்து குதிக்கும்.

அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஸ்கேனர் பகுதியைத் தூக்கி நிறுத்துங்கள். வடித்த நீரில் சற்றே ஈரமாக்கிய துணியால் நாடாவை இரு விரலிடையே மெதுவாகப் பிடித்து ஒரே திசையில் வழித்து, பிறகு உலர்ந்த துணியால் ஒருமுறை. ஸ்பிரிட் வேண்டாம், கோடுகளையே கரைத்துவிடக்கூடும். கொக்கியிலிருந்து கழற்றவும் வேண்டாம், மறுபடி மாட்டும்போது தலைகீழாக மாட்டிவிட்டால் கதை கந்தல். பக்கத்துக் கம்பியிலுள்ள கிரீஸ் அங்கேயே இருக்க வேண்டியது, அதைத் துடைத்துச் ‘சுத்தம்’ செய்யாதீர்கள்.

எழுத்து இரட்டையாகத் தெரிவதற்குக் காரணம் வேறு. ஹெட் இடமிருந்து வலம் போகும்போதும் அடிக்கிறது, திரும்பி வரும்போதும் அடிக்கிறது. இரண்டு பயணத்திலும் மைத்துளி ஒரே இடத்தில் விழ வேண்டும். மயிரிழை விலகினால் நெட்டுக்கோடுகள் ரம்பப்பல் ஆகும். இருதிசை அச்சு என்ற தேர்வை எடுத்துவிட்டு ஒரு பக்கம் அடியுங்கள். சுத்தமாக வந்தால், தேவை ஹெட் சீரமைப்பு மட்டும்தான். பராமரிப்புப் பக்கத்தில் அதைத் தொடங்கினால் எண்ணிட்ட கட்டங்களை அச்சடிக்கும். நடுவில் வெள்ளை இடைவெளியோ கறுத்த ஏறலோ இல்லாத கட்டத்தின் எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதை வெளிச்சத்தில், கண்ணாடி போட்டுக்கொண்டு செய்ய வேண்டும். மேலோட்டமாக ஏதோ ஓர் எண்ணைத் தட்டுவதால்தான் சீரமைத்த பிறகும் சிலருக்கு முன்னைவிட மோசமாக வருகிறது.

ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டருக்கு ஒருமுறை படுக்கைவாட்டில் பட்டை விழுவதும் இந்தக் கருவியில் பார்க்கக்கூடியது. ஹெட் ஒரு நடையில் கவர்கிற அகலம் அவ்வளவு, ஒரு நடைக்கும் அடுத்த நடைக்கும் நடுவிலுள்ள தையல் தெரிகிறது. டிரைவரில் தாள் வகை சரியாக இருக்கிறதா என்று பார்த்து, படுக்கைவாட்டுச் சீரமைப்பு செய்து, தரத்தை ஒரு படி ஏற்றினால் பெரும்பாலும் மறையும்.

நாசில் சோதனையில் கோடு அறுந்திருந்தால் சுத்தம் செய்யலாம், ஆனால் எண்ணிக்கை உண்டு: சோதனை, சுத்தம், சோதனை என்று மூன்று சுற்று. அதற்கும் சரியாகவில்லை என்றால் அச்சடிக்காமல் குறைந்தது 12 மணி நேரம் விட்டுவிட வேண்டும். அந்த ஓய்வில்தான் குழாயிலுள்ள காற்றுக்குமிழி விலகும், காய்ந்த மை இளகும். மறுநாள் மறுபடி. அதற்கும் மசியவில்லை என்றால்தான், குழாயிலுள்ள மை முழுவதையும் வெளியேற்றி மாற்றுகிற பவர் கிளீனிங். அதற்கு எல்லாத் தொட்டியிலும் மூன்றில் ஒரு பங்காவது மை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குழாய்க்குள் காற்று போய் இருந்த நோயும் பெரிதாகும். சுத்தம் செய்கிற மையெல்லாம் அடியிலுள்ள ஒரு பஞ்சுத் திண்டில் சேர்கிறது. அது நிறைந்துவிட்டது என்று கருவி கணக்கிட்டால் வேலையை நிறுத்திவிடும். இந்த மாடலில் அந்தத் திண்டை வீட்டில் மாற்ற வழியில்லை, சர்வீஸுக்குத்தான் போக வேண்டும். எல்3250இன் மிகப் பெரிய குறை என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஹெட் காய்வதற்கு நம் வீட்டுச் சுவரும் ஒரு காரணம். இங்குள்ள மூன்று முனைப் பிளக் பொருத்துகிற சாக்கெட்டில் சுவிட்ச் இருப்பதால், படுக்கப் போகும்போது சுவரிலேயே தட்டி அணைக்கிற பழக்கம் பலருக்கு. அப்படிச் செய்தால் ஹெட் தன் மூடிக்குள் போய் உட்காராமல் நடுவழியில் திறந்தபடி நின்றுவிடக்கூடும். கருவியின் பொத்தானை அழுத்தி, விளக்கு அணையும்வரை பொறுத்து, பிறகே சுவரில் தட்ட வேண்டும். சூறாவளி நேரத்தில் மின்சாரம் போய் நடுவில் நின்றுவிட்டால், மின்சாரம் வந்தவுடன் ஒருமுறை போட்டு, பொத்தானால் முறைப்படி அணையுங்கள். வாரம் ஒருமுறை நான்கு நிறமும் உள்ள ஒரு பக்கம் அடித்தால் போதும்.

தாள். போர்ட் லூயியில் மொடமொடவென்று வருகிற அதே கட்டு, மேட்டு நிலத்தில் ஒரு வாரம் பிரித்துக் கிடந்தால் அப்பளம்போல நெளியும். நெளிந்த தாள் ஹெட்டில் உரசி ஓரங்களில் மைத்தீற்றல் விழும், இரண்டு தாள் சேர்ந்து போகும், படம் ஒரு பக்கம் தடித்துத் தெரியும். தட்டில் அன்றைக்குத் தேவையான 20, 30 தாள் மட்டும் வைத்து, மிச்சத்தை உறையோடு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மூடி வையுங்கள். 80 கிராம் தாள் போதும்.

இந்தக் கருவியின் மை நான்கும் சாய மை, அதாவது தண்ணீரில் கரைகிற சாயம். படத்துக்கு நன்றாக இருக்கும், சாதாத் தாளில் கறுப்பு கொஞ்சம் கசியும், தண்ணீர் பட்டால் ஓடும். காவடி வருவது ஜனவரி, பிப்ரவரி மழைக்காலத்தில். வாசலில் ஒட்டிய அறிவிப்பு ஒரு மழைக்கு நீல ஆறாகிவிடும். அந்த வேலைக்குக் கறுப்பு நிறமி மை (தண்ணீரில் கரையாத நுண்பொடி கலந்தது) உள்ள கேனன் பிக்ஸ்மா ஜி3010 அல்லது எச்பி ஸ்மார்ட் டேங்க் வகை மேல். அவை சூடாக்கி மை உமிழ்கிற வகை, ஹெட்டைக் கழற்றி மாற்றவும் முடியும். எப்சனில் ஹெட் கருவியோடு பிறந்தது, கெட்டால் செலவு பெரிது. ஆனால் சூடேற்றாமல் அழுத்தத்தால் மை தள்ளுவதால், ஒழுங்காக வைத்துக்கொண்டால் நீண்ட நாள் உழைக்கும்.

கடைசியாக, கருவியே காரணம் இல்லாத ஒரு கோணல், தமிழ் அச்சடிப்பவர்களுக்கென்றே வருவது. பிரெஞ்சு, ஆங்கிலப் பக்கமெல்லாம் பளிச்சென்று வந்து, தமிழ்ப் பயிற்சித்தாளில் மட்டும் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறதா? காலோடு ஒரு புள்ளி வட்டம் ஒட்டிக்கொண்டு வருகிறதா? அல்லது பக்கம் முழுக்கப் பொருளில்லாத ஆங்கில எழுத்துகளா? முதல் இரண்டும் தமிழ் எழுத்தைச் சரியாகக் கோக்கத் தெரியாத மென்பொருளாலோ எழுத்துருவாலோ வருவது. மூன்றாவது யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு. அனுப்பியவரிடமே எழுத்துரு பதித்த பிடிஎஃப் ஆக மாற்றித் தரச் சொல்லுங்கள். அவசரத்துக்கு, அடோபி ரீடரின் அச்சுப் பக்கத்தில் கூடுதல் அமைப்புகளுக்குள் ‘படமாக அச்சிடு’ என்ற தேர்வு உண்டு. திரையில் சரியாகத் தெரிந்தால் தாளிலும் சரியாக வரும். வரைவுத் தரத்தில் 9 புள்ளி எழுத்தில் தமிழ் அடிக்காதீர்கள். சீரமைப்பு இம்மி விலகினாலும் ண என்பதன் ஒரு சுழி அடைந்துபோய் ன ஆகிவிடும், பிள்ளை ‘மணம்’ என்பதை ‘மனம்’ என்று படித்துவிட்டு அடி வாங்கும். 12 புள்ளி, சாதாரணத் தரம்.

இவ்வளவுக்கும் பிறகு பழுதுபார்க்கும் கடைக்குத்தான் போக வேண்டும் என்றால் நான்கு தாளோடு போங்கள்: நாசில் சோதனை, 150 மில்லிமீட்டர் சதுரம், பழுப்பு உறையின் ஸ்கேன், இரும்பு ஸ்கேலின் ஸ்கேன். நான்கிலும் தேதி எழுதி வையுங்கள். பார்ப்பதற்கு மட்டும் எவ்வளவு, சரிசெய்தால் அந்தத் தொகை கழியுமா என்று முதலிலேயே கேளுங்கள். ஹெட் மாற்ற வேண்டும் என்று சொன்னால், முதல் தாளில் எந்தக் கோடு அறுந்திருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். கருவியைக் காரில் நேராக வைத்துக் கொண்டுபோங்கள். சாய்த்தால் தொட்டி மை சிந்தி அடித்தட்டில் பரவும்.